இரவல் போன பெயர்

நெஹாமா ஹைஃபா துறைமுகத்தில், காணாமல் போன சரக்குகளைத் தேடும் பிரிவில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். பெட்டி வரவில்லை என்று கத்திக்கொண்டு வருகிறவரிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி, “அனுப்பினவன் பெட்டி மேல என்ன எழுதினான்?” என்பதுதான். நம் மண்டையை உடைத்துக்கொண்டு பயனில்லை, அனுப்பியவன் மண்டைக்குள் புக வேண்டும் என்பாள். மேலதிகாரிகளுக்கு அவளைக் கண்டால் ஆகாது. ஆனால் பெட்டி கிடைத்துவிடும்.

கிடைக்காமல் போனது அவளுடைய சித்தி ஃப்ரூமா மட்டும்தான். 1942இல், போலந்தில், நெஹாமாவின் அம்மா ஹெண்டல் பேலாவை, கொலைமுகாமுக்குப் போகும் ரயில் பெட்டிக்குள் நாஜிகள் தள்ளினார்கள். பிடித்திருந்த கை நழுவி, பதினெட்டு வயதுத் தங்கை கீழே நின்றுவிட்டாள். அம்மா வழியில் ஜன்னலைப் பெயர்த்துக் குதித்துப் பிழைத்தாள். தங்கை என்ன ஆனாள் என்று ஐம்பத்தைந்து வருடமாகத் தெரியாது.

போலந்திலிருந்து வந்த எங்கள் யூதக் குடும்பங்களில் இறந்தவர் பெயரைத்தான் குழந்தைக்கு வைப்போம். இருக்கிறவர் பெயரை வைத்தால் அவர் ஆயுசுக்கு ஆகாது. நெஹாமா பிறந்தபோது ஃப்ரூமா என்று வைக்கச் சொன்னார்கள். அம்மா முடியவே முடியாது என்றுவிட்டாள்.

இப்போது தம்பி கெர்ஷோன், கொல்லப்பட்டவர்களின் பெயரைப் பதியும் படிவத்தோடு அம்மா முன் வந்து நின்றான்.

“அடுத்த மாசம் எனக்குப் பேத்தி பொறக்கப் போறா. ஃப்ரூமான்னு பேர் வைக்கணும்மா. இதுல ஒரு கையெழுத்துப் போடு.”

“அவ செத்ததை நீ பாத்தியா?”

“யாரும் பாக்கலம்மா. அதுக்காக…”

“நாஜிக்காரன் முடிக்காம விட்டதை முடிச்சு வைக்க என் பேனாதான் கெடச்சுதா?”

அம்மா படிவத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சமையலறை மேசையின் காலுக்கு அடியில் செருகினாள். மேசை ஆடாமல் நின்றது.

“எல்லாம் நீ குடுக்கற இடம்” என்று கெர்ஷோன் அக்கா மேல் பாய்ந்தான். “பதினோரு வருஷமா தேடறே. என்ன கிழிச்சே?”

நெஹாமாவுக்குச் சுருக்கென்றது. பிழைத்தவர்களின் பட்டியல் ஒன்று விடாமல் பார்த்தாயிற்று. எதிலும் ஃப்ரூமா இல்லை.

அவன் போனதும் அம்மா டீயை உறிஞ்சியபடி, “அவளும் இப்படித்தான் என்னைத் தேடிக்கிட்டு இருப்பா” என்றாள்.

“தேட மாட்டாம்மா” என்றாள் நெஹாமா. சொன்ன பிறகுதான் அவளுக்கே பொறி தட்டியது. “உன்னை ரயில்ல ஏத்தினதைப் பாத்தவ அவ. நீ செத்துட்டேன்னுதானே நெனைப்பா? அவளுக்கு ஒரு பொண்ணு பொறந்திருந்தா?”

அம்மாவின் கோப்பை பாதியில் நின்றது. “என் பேரையா?”

மறுநாளிலிருந்து நெஹாமா சித்தியைத் தேடவில்லை, அம்மாவைத் தேடினாள். போருக்குப் பின் ஜெர்மனியின் அகதி முகாம்களில் பிறந்த குழந்தைகளின் பதிவேடுகள். நான்காம் நாள், 1947ஆம் வருடப் பக்கத்தில்: ஹெண்டல் பேலா, பெண். தாயின் பெயர் ஃப்ரூமா என்பதன் போலந்து வடிவமான ஃப்ரான்யா, கூடவே புருஷனின் குடும்பப் பெயர். இந்த ஃப்ரான்யாவைப் பதினோரு வருடத்தில் எத்தனை முறை தாண்டிப் போயிருப்பாள்! தலையில் அடித்துக்கொண்டாள். அங்கிருந்து மெல்போர்ன் போன கப்பலின் பயணிகள் பட்டியலைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

காலை பத்து மணிக்கு மூவரும் தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மெல்போர்னில் மகள் எடுத்து, தன் தாயிடம் கொடுத்தாள். நெஹாமா ஒலிபெருக்கியைப் போட்டாள்.

“நான்தாண்டி, ஹெண்டல்” என்றாள் அம்மா, ஊரில் பேசிய யித்திஷ் மொழியில்.

“விளையாடாதீங்க. எங்க அக்காவை ரயில்ல ஏத்தினதை இந்தக் கண்ணால பாத்தேன்.”

“ஏத்தினான், குதிச்சுட்டேன். என் செகப்பு ஷூவை ஆத்துல விட்டுட்டு பூனை மேல பழி போட்டியே, அந்த அக்காதான்.”

 மெல்போர்னிலிருந்து ஓவென்ற அழுகை. “ஐயோ அக்கா! உன் பேரை எம் பொண்ணுக்கு வச்சுட்டேனே!”

அம்மாவின் கண்ணீர் கழுத்துவரை இறங்கியது. குரல் மட்டும் இறங்கவில்லை.

“கேட்டா குடுத்திருக்க மாட்டேனா, திருடி? போகட்டும், அவளே வச்சுக்கட்டும். ரெண்டு பேருக்கும் காணும்.”

கெர்ஷோன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே குனிந்து, மேசைக் காலுக்கு அடியிலிருந்த படிவத்தை இழுத்தான். அம்மா தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“அதை எடுக்காதடா, மேசை ஆடும். உன் பேத்திக்கு வேற பேரு பாரு.”