கறுப்புத் தட்டில் ஒரு கடல்

யூரோ புழக்கத்துக்கு வந்த காலம். நான் கொலோனில் டாக்சி ஓடத் தொடங்கிய புதுசு. ஒரு ஜப்பானிய அம்மா பெரிய கறுப்புத் தட்டொன்றை இரண்டு கையாலும் ஏந்தியபடி பின் சீட்டில் ஏறினா. தட்டில் வெள்ளை மணலால் ஒரு கடலும் மலையும். பசை ஒன்றும் இல்லை, வெறும் மணல். இறகால் ஒதுக்கி ஒதுக்கிச் செய்யிறதாம். பொன்செகி என்று பெயராம்.

"ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். என்ர மனுசனுக்கு இதைக் காட்டவேணும்" என்று ஜெர்மனில் சொன்னா.

நான் ஹீட்டரை நிற்பாட்டிக் கண்ணாடிகளையும் ஏற்றினன். தும்மல் வந்துவிடுமோ என்றுகூடப் பயந்தன். ட்ராம் தண்டவாளத்தில் சில்லை மெல்ல ஏற்றி இறக்க, பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தன். திரும்பிப் பார்த்தால் மலையில் பாதி சரிந்து கடலுக்குள் கிடந்தது.

"ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ! திரும்ப உங்களை வீட்டை கொண்டுபோய் விடட்டோ? திருத்திக்கொண்டு வருவம்."

அவ தட்டைக் கனநேரம் பார்த்தா. கோட்டுப் பைக்குள் இறகு தெரிந்தது. எடுக்கவில்லை.

"வேண்டாம். அவர் மாதக்கணக்கா படுக்கையில. வெளியில ஒண்டும் காணேல்ல. நாங்கள் வந்த றோட்டையும் இதில பார்க்கட்டும்."

காற்றுக்கு மறைப்பாக என் ஜாக்கெட்டை விரித்துப் பிடித்தபடி கதவு வரை கூடப் போனன்.

இப்பவும் தண்டவாளம் வந்தால், பின் சீட்டில் ஆரும் இல்லாட்டிலும், என்ர கால் தானாகப் பிரேக்குக்குப் போகுது.