ஒரு கிண்ணம் ஸ்ட்ராபெரிக்காகப் பாஞ்ச்கனிக்கு

மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை நான் பாஞ்ச்கனிக்குப் போனது மலை பார்க்க அல்ல. தயிரின் மேல் ஊற்றித் தரும் ஸ்ட்ராபெரியை எப்படிச் செய்வது என்று கேட்டு வரப் போனேன். சிரிக்காமல் மேலே படியுங்கள்.

என் மனைவி சங்கரிக்கு மூன்றாம் மாதம். வயிற்றில் எதுவும் நிற்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்தால் பால்கனிக்கு ஓடுகிறாள். பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் அவர்கள் மேல் கோபம். சரி, அடுப்பே வேண்டாம் என்று எலுமிச்சை ஜூஸ், ஆறிய பால், சர்க்கரை தூவிய பிரெட் என்று கொடுத்துப் பார்த்தேன். ஒரு வாய் வைத்ததும் தள்ளிவிடுகிறாள். எடை இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அதற்கு முந்தைய வாரம் என் ஆபீஸ் நண்பரின் மகனுக்குப் பாஞ்ச்கனியில் திருமணம். பந்தி வாசனை தாங்காமல் வெளியே வந்த சங்கரி, எதிரே இருந்த தோட்டக் கடையில் உட்கார்ந்து, தயிரும் ஸ்ட்ராபெரியும் ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டாள். வாந்தி இல்லை. ஒரு மாதத்தில் அவள் முழுதாகச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

இனி வழி. புனேயில் எங்கள் வீடு இருக்கும் சாங்வியிலிருந்து சுவார்கேட் பேருந்து நிலையத்துக்கு ஆட்டோவில் போனேன். காலை ஆறேகாலுக்குச் சிவப்புப் பேருந்து. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர், மூன்று மணி நேரம், டிக்கெட் இருநூறு ரூபாய்க்குள். கடைசி மலைப்பாதையில் வளைவுகள் அதிகம், எனவே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு தெரியும் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வளைவிலும் அது பக்கம் மாறியது. எனக்கே தெரியவில்லை.

இறங்கியதும் ஆட்டோக்காரர், "வியூ பாயிண்ட் எல்லாம் காட்டறேன் சாப், எண்ணூறு ரூபாய்" என்று இந்தியில் ஆரம்பித்தார். பாயிண்ட் வேண்டாம், கல்யாண மண்டபத்துக்கு எதிரே இருக்கும் ஸ்ட்ராபெரிக் கடை போதும் என்றேன். "அதுக்கா புனேயிலிருந்து வந்தீங்க? புனே மார்க்கெட்லயே கிடைக்குமே" என்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நூறு ரூபாய்க்குக் கொண்டுபோய் விட்டார்.

கடைக்கார அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். இதில் என்னென்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். "நுஸ்தி சாகர், தாதா" என்றார் மராத்தியில். வெறும் சர்க்கரை, அவ்வளவுதான். நான் நம்பாமல் நின்றதைப் பார்த்து, என்னையே செய்ய வைத்தார்.

பழத்தைக் காம்போடு கழுவ வேண்டும். துணியில் ஈரம் ஒற்றிய பிறகுதான் காம்பு கிள்ள வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். நான்காக நறுக்கி, மல்பெரி இருந்தால் முழுசாகவே சேர்த்து, இரண்டு கை பழத்துக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அவர் முதலில் சொல்ல மறந்த நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. லேசாகப் புரட்டி மூடி, அரை மணி நேரம் தொடாமல் இருக்க வேண்டும். திறந்து பார்த்தால் பழம் தானாகவே சாறு விட்டுச் சிவப்பாக மிதக்கிறது. சாப்பிட்டேன். அன்று சங்கரியின் கிண்ணத்தில் நான் ஒரு ஸ்பூன் எடுத்துப் பார்த்த அதே ருசி.

இரண்டு கிலோ ஸ்ட்ராபெரி, அரைக் கிலோ மல்பெரி, அறுநூறு ரூபாய். அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாலை ஐந்துக்கெல்லாம் வீடு வந்துவிட்டேன். அதே மாதிரி கழுவி, அதே மாதிரி நறுக்கி, அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சங்கரி கிண்ணத்தை வாய்கிட்டே கொண்டுபோனாள். உடனே கீழே வைத்துவிட்டாள்.

"நம்ம வீட்டு வாசமுல்லா வருது."

"வீட்டு வாசமா? பழம் இன்னைக்கு மலையிலேருந்து வந்தது சங்கரி."

"நான் என்ன பொய்யா சொல்லுதேன்? எடுத்துட்டுப் போங்க."

முகர்ந்து பார்த்தேன். ஸ்ட்ராபெரி வாசனைதான் வந்தது. மலையில் பறித்த பழத்தில் சாங்வி வீட்டு வாசனை எப்படி வரும்? கத்தியில் வெங்காயமா? ஃபிரிட்ஜில் சாம்பாரா? ஞாயிறு காலை புதுக் கத்தி வாங்கி, கண்ணாடிக் கிண்ணத்தை வெந்நீரில் அலசி, பால்கனியில் உட்கார்ந்து செய்தேன். மறுபடியும் அதே பதில். அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பெட்டியில் மிச்சமிருந்த பழம் ஒன்றை எடுத்துக் கடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். மூன்றாவதும் போனது.

"இதுல வரலியே" என்றாள்.

பழத்தில் இல்லை. தயிரை இன்னும் சேர்க்கவே இல்லை. எலுமிச்சை அப்போதுதான் வெட்டியது. மிச்சம் சர்க்கரை. டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டேன். மேலாகக் கிடந்தன, ஏலக்காய்த் தோல்கள்.

உங்கள் வீட்டிலும் இருக்கும், போய்ப் பாருங்கள். விதையை இடித்துக்கொண்டு தோலை வீணாக்காமல் சர்க்கரை டப்பாவில் போடுவோம். எங்கள் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அந்த மணம் பழகிப்போய் எனக்குத் தெரியவே இல்லை. எலுமிச்சை ஜூஸ், பால், பிரெட் எல்லாவற்றிலும் அந்தச் சர்க்கரைதான் போயிருக்கிறது. அவளுக்குக் குமட்டியதையே ஒரு மாதமாகப் பார்த்துப் பார்த்துக் கலந்து கொடுத்திருக்கிறேன்.

தெருமுனைக் கடையில் ஒரு கிலோ புதுச் சர்க்கரை வாங்கி வந்தேன். அரை மணி நேரம் கழித்துச் சங்கரி கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். மிச்சப் பழத்தையும் நறுக்க உட்கார்ந்தேன்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஏப்ரல் பாதியோடு ஸ்ட்ராபெரி குறைந்துவிடும், சீக்கிரம் போங்கள். பெட்டியின் அடியில் நசுங்கிய பழம் இருக்கும், கொட்டிப் பார்த்து வாங்குங்கள். சர்க்கரையைப் புதுப் பாக்கெட் பிரித்து நேராகப் போடுங்கள். ஆட்டோக்காரர் சொன்னது நிஜம், பழம் புனே மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது. இப்போது அங்கேதான் வாங்குகிறேன். சென்ற வாரம் டாக்டரிடம் போனோம். எடை இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியிருக்கிறது.

பழைய சர்க்கரை டப்பாவை அப்படியே கடுகு தாளிக்கிற பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். டாக்டர் பிரசவத் தேதி சொல்லியிருக்கும் புரட்டாசியில் திரும்ப வாங்கிக்கொள்வேன். அப்போது பாயசம் வைக்க வேண்டியிருக்கும்.