ஆறாவது ஜோடி செருப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. முச்சந்தியில் கழித்துப் போட்ட எலுமிச்சம்பழத்தை மிதித்துவிட்டு வேலைக்குப் போகிற ஆள் நான். ஆனால் எங்கள் ஊர்க் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒன்று நடந்தது, அதைச் சொன்னால் எல்லோரும் முதலில் சிரிக்கிறார்கள், போனில் இருக்கிற போட்டோவைக் காட்டியதும் வாயை மூடிக்கொள்கிறார்கள். நீங்களும் சிரியுங்கள், பரவாயில்லை. நடுராத்திரிக் கதை என்று மட்டும் நினைக்காதீர்கள். பட்டப்பகல், பன்னிரண்டரை மணி, மண்டையைப் பிளக்கிற வெயில்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து சேர்கிற பழைய நிலையம் இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று ஓடிக்கொண்டிருந்தது. அதைப் புதுப்பிக்கிற வேலைக்கு நான் சைட் என்ஜினீயர். பழைய தொட்டிக்குப் பக்கத்திலேயே புதுத் தொட்டி, பதினைந்து அடி ஆழம், தரையெல்லாம் காற்றுக் குழாய்கள், மேலே ஒரு பெரிய புளோயர். அதைப் போட்டால் அடியிலிருந்து காற்று குமிழ் குமிழாக வரும், அந்தக் காற்றில்தான் அழுக்கைத் தின்கிற நுண்ணுயிர்கள் பிழைக்கும். அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தண்ணீர் விடப்போகிறோம். நானே முழுசாக நின்று கட்டிய முதல் தொட்டி. சந்தோஷத்தில் காலையில் இட்லிகூட இறங்கவில்லை.

எங்கள் சைட்டில் ஒரு வழக்கம் உண்டு, மேஸ்திரி முனுசாமி அண்ணன் கொண்டுவந்தது. தொட்டிக்குள் இறங்குகிறவன் செருப்பைக் கழற்றி விளிம்பில் வைத்துவிட்டு, முழங்கால்வரை வருகிற ரப்பர் கம்பூட் மாட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஏறி வந்ததும் அவனவன் செருப்பை அவனவன் எடுத்துக்கொள்வான். விளிம்பில் ஒரு ஜோடி கிடந்தால்கூட வால்வைத் திறக்க மாட்டார். அவர் தலையை எண்ணுவதில்லை, செருப்பைத்தான் எண்ணுவார். இதென்ன கோயில் வாசலா என்று கிண்டல் செய்துவிட்டு, நான் ஒரு ரிஜிஸ்டர் போட்டேன். இறங்கும்போது ஒரு கையெழுத்து, ஏறும்போது ஒரு கையெழுத்து. எலக்ட்ரீஷியன்களுக்கு சேஃப்டி ஷூ வாங்கிக் கொடுத்து, எங்கே போனாலும் அதைக் கழற்றக் கூடாது என்றும் சட்டம் போட்டேன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ஐந்து பேர் இறங்கிக் குழாய்களை முடுக்கிவிட்டு மேலே வந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், குழாயடிக்குப் போய்க் கம்பூட்டைக் கழுவிவிட்டு வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள். ஐந்து பேருக்கும் செருப்பு வந்துவிட்டது. விளிம்பில் இன்னொரு ஜோடி கிடந்தது.

நீல வார் ரப்பர் செருப்பு, ஊரில் பாதிப் பேர் காலில் இருக்கிறதே, அதேதான். இடது வார் பிய்ந்து போய், வயர்களைச் சேர்த்துக் கட்டுகிற மஞ்சள் கேபிள் டையால் இறுக்கியிருந்தது. அதன் வாலைக்கூட வெட்டாமல் நீளமாக விட்டிருந்தார்கள்.

"யாருதுப்பா இது?" என்று கேட்டேன். ஐந்து பேரும் அவனவன் காலைக் காட்டினான்கள். அளவு வேறு சின்னது. எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள், ஏனென்றால் அந்த சைட்டில் பெண் நான் ஒருத்திதான். நான் ஷூ போட்டிருந்தேன்.

"வால்வைத் தொறங்கண்ணே, மூணு மணிக்கு ஆபீசருங்க வந்துருவாங்க."

"செருப்பு கெடக்குதே மேடம்."

"ரிஜிஸ்டரைப் பாருங்க, உள்ள யாருமே இல்ல."

"ரிஜிஸ்டரு இன்னா வேணா சொல்லிக்கினு போவட்டும். செருப்பு கெடக்கசொல்ல நான் தண்ணி வுட மாட்டேங்க. வேலைய வுட்டுத் தூக்குறீங்களா, தூக்கிக்குங்க, நான் வூட்டுக்குப் போய்க்கினே இருக்கேன்."

எனக்கு வந்ததே கோபம்! இந்த ஆள் வேலையைக் கெடுக்கிற அழகைப் பாருங்கள் என்று காண்ட்ராக்டருக்கு அனுப்ப, அந்தச் செருப்பை ஒரு போட்டோ எடுத்தேன். அப்புறம், நானே இறங்கிக் காட்டுகிறேன் என்று விறுவிறுவென்று ஏணியில் இறங்கினேன்.

தொட்டி காலி. பார்த்தீர்களா என்று கத்தத் திரும்பியபோதுதான் கண்ணில் பட்டது. பழைய தொட்டியிலிருந்து வருகிற பெரிய குழாயின் வாய் நாங்கள் மேலே நின்ற பக்கத்துச் சுவரின் அடியில் இருக்கிறது, அதற்குள்ளிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஷூ போட்ட கால்கள்.

எலக்ட்ரீஷியன் செல்வம். காலையில் உள்ளே வேலை பார்த்துவிட்டு, சாப்பிடப் போகிறேன் என்று ஏறிக் கையெழுத்துப் போட்டவன். அந்த ஐந்து பேரும் குழாயடியிலும் நானும் மேஸ்திரியும் வால்வுப் பக்கத்திலும் இருந்த நேரத்தில், குழாய்க்குள் விட்டுவந்த டெஸ்டரை எடுக்க ஓடி இறங்கியிருக்கிறான். இரண்டு நிமிஷ வேலைதானே என்று ரிஜிஸ்டரைத் தொடவில்லை. நான் போட்ட சட்டப்படி ஷூவையும் கழற்றவில்லை. உள்ளே தேங்கியிருந்த விஷவாயு அடித்துவிட்டது.

நான் அவனிடம் ஓடினேன். "கிட்ட போவாதீங்க மேடம், உங்களையும் அடிச்சிரும்!" என்று மேலே இருந்து மேஸ்திரி அலறினார். "டேய், புளோயரப் போடுங்கடா!" புளோயர் உறுமியது. தரையில் இருந்த அத்தனை குழாயிலிருந்தும் காற்று சீறியது, சிமெண்ட் தூசி மேகமாக எழும்பியது, என் துப்பட்டா தலைக்கு மேல் பறந்தது. இரண்டு பேர் கயிற்றோடு இறங்கி, அவன் கணுக்காலில் சுருக்குப் போட்டு வெளியே இழுத்தார்கள். முகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் இருமினான் பாருங்கள், அந்த இருமலைக் கேட்டு நான் ஓவென்று அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். தண்ணீரில் குமிழ் விடுவதற்கு முன்னாலேயே என் தொட்டி ஒரு ஆளுக்கு மூச்சுக் கொடுத்துவிட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு அவன் நன்றாக வீடு திரும்பினான்.

அவனை மேலே தூக்கியதும் நான் விளிம்பைப் பார்த்தேன். செருப்பு இல்லை. அங்கே இருந்த யாரும் தொடவில்லை, கேட்டைத் தாண்டி ஒரு ஆள் போகவில்லை. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள்.

மறு வாரம் தண்ணீர் விட்டோம், தொட்டி முழுக்கக் குமிழ் கொதித்தது, சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன். அடுத்தடுத்துக் கட்டுகிற தொட்டிகளுக்குப் புதுச் சட்டமும் போட்டேன்: ஷூவோ செருப்போ, எதுவானாலும் விளிம்பில் கழற்ற வேண்டும். தினமும் லேஸ் அவிழ்க்கச் சோம்பல்பட்டு, நானே கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டேன். நீல வார்தான். அந்தக் கடையில் தொங்கியதெல்லாம் நீல வார்தான், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

போன வாரம் தொட்டி விளிம்பில் நடக்கும்போது இடது வார் பிய்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற செல்வம், "குடுங்க மேடம்" என்று வாங்கி, பாக்கெட்டிலிருந்து ஒரு கேபிள் டையை எடுத்து இறுக்கிக் கொடுத்தான். மஞ்சள். "கட்டரு ரூம்ல கீதுங்க, அப்புறமா வால வெட்டித் தரேன்" என்றான். நாலடி நடந்தேன், நின்றேன், போனை எடுத்துப் பழைய போட்டோவைத் திறந்தேன். கட்டு, வால் நீட்டியிருந்த பக்கம், எல்லாம் அப்படியே. அந்தப் போட்டோவை செல்வத்துக்கு நான் காட்டியதே இல்லை.

தூக்கி எறி என்கிறார் என் கணவர். எறிந்துவிட்டால் அன்றைக்கு அவனுக்காக அங்கே கிடந்தது எது? வாலையும் வெட்டவில்லை, செருப்பையும் எறியவில்லை, வீட்டு வாசலில்தான் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் முதலில் அது இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். ஒரு நாள் அது அங்கே இல்லையென்றால் எங்கே, எந்த நாளுக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்போது நான் எங்கே இருப்பேன் என்பதுதான் தெரியவில்லை.