நாலும் நாலும் ரெண்டு

மீட்டரின் சிவப்புக் குச்சியும் கறுப்புக் குச்சியும் தொட்டுக்கொண்டால் 'பீ...ப்' என்று ஒரு சத்தம் வரும். கல்யாணமான புதிதில் காலையில் என்னை எழுப்பியதே அதுதான். உழவர்கரையில் முன்னால் கடை, பின்னால் வீடு. காருக்கு ஸ்பீக்கரும், அதற்குச் சத்தம் கூட்டுகிற ஆம்ப்பும் மாட்டுகிற கடை. என் வீட்டுக்காரர் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் மீட்டரைத்தான் தொட்டுப் பார்ப்பார்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். ஒரு நாள் டீ கொண்டுபோனபோது மேசையில் இரண்டு ஸ்பீக்கர் கிடந்தன. இரண்டின் முதுகிலும் 4 ஓம் என்று போட்டிருந்தது.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல கட்டினா எவ்ளோ வரும், சொல்லு."

"எட்டு."

"வெச்சிப் பாரு."

வைத்தேன். இரண்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

"மீட்டரு கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும். ரெண்டுன்னு எடுத்துக்க."

"நாலும் நாலும் எட்டுன்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. உங்க மீட்டரு பள்ளிக்கூடமே போவலையா?"

டீயைத் துப்பிவிட்டார், சிரிப்பில்.

அப்புறம் சொன்னார். "ஒன்னோட வால இன்னொன்னு தலையில கட்டினாதான் எட்டு. இப்டி சேர்த்துக் கட்டினா ரெண்டு. தொட்டிக் குழாய் மாதிரி. ஒன்னு தொறந்தா கொஞ்சம் ஓடும், ரெண்டு தொறந்தா நெறைய ஓடும். ஓம் கொறையக் கொறைய ஆம்ப்புலேர்ந்து இழுக்கறது ஜாஸ்தி. எதுவரைக்கும் தாங்கும்னு ஆம்ப் மேலயே போட்டிருப்பான். அதுக்குக் கீழ எறங்கினா எரிஞ்சிடும்."

அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. பிள்ளைச்சாவடி மீன் வண்டியோ, டாக்டர் வீட்டுக் காரோ... அவர் வயர் இழுப்பார். ஆம்ப்பில் மாட்டுவதற்கு முன்னால் நான் மீட்டர் வைத்து எண்ணைச் சொல்லுவேன். டிக்கிக்குள் இருக்கிற பலகையில் அதை மார்க்கரால் எழுதுவார். பக்கத்தில் நான் ஒரு டிக் போடுவேன்.

ஃபியூஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்.

"பாத்தியா?"

"பாத்துட்டேன். போடுங்க."

எத்தனை வண்டி... ஒரு தடவைகூடக் கேட்காமல் போட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

பதினோராம் நாள். வாசலில் அவர் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி பேனர் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு டூரிஸ்ட் கார் வந்து நின்றது. நோணாங்குப்பம் போட் ஹவுசுக்கு ஆள் கூட்டிப்போகிற டிரைவர்.

"தப்பா நெனைக்காதக்கா. அண்ணன் மாட்டின ஆம்ப்பு பொகஞ்சிட்ச்சி. உள்ள சவாரி இருந்தாங்க, கொழந்தையோட. ஸ்டாண்டுல எல்லாரும் கேக்கறானுங்க, எவன்டா வயர் பண்ணான்னு. நான் இன்னா சொல்ல?"

பதினோரு நாளாக அழுத கண் அந்த நிமிஷம் காய்ந்துபோனது. உள்ளே போய் மீட்டரை எடுத்தேன். நாத்தனார் நிலைப்படியில் கையை நீட்டி மறித்தார்.

"கருமாதி முடியல. வாசப்படி தாண்டாத. ஊரு இன்னா பேசும்?"

"ஊரு பேச ஆரம்பிச்சிட்ச்சி அண்ணி. அவரு வண்டிய எரிச்சிட்டாருன்னு."

கையை விலக்கிக்கொண்டு போனேன்.

டிக்கியைத் திறந்ததும் கருகல் வாடை. பலகையில் அவர் எழுத்து... 2 ஓம். பக்கத்தில் என் டிக். ஆம்ப்பின் மேலேயும் இரண்டு வரை தாங்கும் என்றுதான் போட்டிருந்தது. வயரைக் கழற்றி மீட்டர் வைத்தேன். ஒரு ஓம்கூட முழுசாக வரவில்லை.

இன்னொரு தடவை வைத்தேன், அதேதான். அன்றைக்கு நான்தான் தப்பாகப் படித்தேனா? அவர் என்னை நம்பித்தானே ஃபியூஸ் போட்டார்?

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பின் சீட்டுக்கு அடியில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட் தட்டுப்பட்டது. அவர் டேப் சுற்றுகிற ஆள் இல்லை. ஈயம் வைத்துத்தான் பற்றவைப்பார். டேப்பைப் பிரித்தால், அங்கிருந்து இன்னும் இரண்டு ஸ்பீக்கருக்கு வயர் ஓடியிருந்தது.

"இது யார் மாட்டினது?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "மச்சான்... சத்தம் பத்தலன்னு சும்மா சேர்த்தாரு. சின்ன ஸ்பீக்கருதான்க்கா."

"சின்னதோ பெருசோ, அதுவும் நாலு ஓம். ரெண்டு கொழாய்க்கு வெச்ச தொட்டில நாலத் தொறந்து உட்டுருக்கீங்க."

அந்த இரண்டையும் பிரித்துவிட்டு மறுபடி மீட்டர் வைத்தேன்.

"நீயே படி."

"ஒன்னு புள்ளி எட்டு."

"பலகைல?"

"ரெண்டு."

"எவன் வயர் பண்ணான்னு கேட்டாங்களே... போய்ச் சொல்லு. நீ சொல்றியா, இல்ல நான் இந்தப் பொடவையோடயே வந்து சொல்லட்டுமா?"

"வேணாம்க்கா. நானே சொல்றேன்."

சொன்னார். மறுவாரம் அதே ஸ்டாண்டிலிருந்து இரண்டு வண்டி வந்தது. கருமாதி முடிந்த மூன்றாம் நாள் ஷட்டரை நானே தூக்கினேன்.

இப்போது வருகிற புது வண்டிகளில் எல்லாமே கம்பெனியிலேயே மாட்டி வந்துவிடுகிறது. பலகையில் எழுத வேண்டிய வேலை வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான். வயரும் நான்தான் இழுக்கிறேன், மீட்டரும் நான்தான் வைக்கிறேன். எண்ணையும் டிக்கையும் ஒரே கை போடுகிறது. ஃபியூஸைக் கையில் எடுத்தால் மட்டும் ஒரு நொடி நிற்கிறேன். கேட்க ஆளில்லை.

இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன். "பாத்துட்டேன்."

தனியாகப் பேசுகிறாள் என்று நாத்தனார் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும்.

இந்தக் கடையில் பண்ணின வயரிங்கால் ஆம்ப் ஒன்றுகூட எரிந்ததில்லை. அவர் காலத்திலும் சரி, என் காலத்திலும் சரி. டிக்கியைத் திறந்து பாருங்கள், எழுதியிருக்கும்.