சுண்டலுக்குக் கொடுத்த மருந்து

முதலில் வந்தது ஒரு தும்மல்தான். காலை ஐந்தேகால் மணி. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். கூண்டுக்குள் சுண்டல் தும்மிவிட்டு, முன்னங்கால்கள் இரண்டாலும் மூக்கைத் துடைத்துக்கொண்டது. அழகாக இருந்தது. சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

சுண்டலும் பொரியும் எங்கள் வீட்டுக் கினிப்பன்றிகள். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் யாழினி வைத்த பெயர்கள். நான் ஒரகடத்தில், வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைனில் வேலை செய்கிறேன். கணவர் தயாளனுக்கு சேரப்பணஞ்சேரிதான் சொந்த ஊர். அவரும் வேறொரு கம்பெனிக்குப் போகிறார். ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு, மிஞ்சிய ஒன்றின் கூண்டைச் சுற்றிச் சுற்றி வருபவர்கள் யாராவது இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தும்மலுக்கு ஒரு வாரம் முன்பு, ஊருக்குப் போன நண்பர் ஒருவரின் முயலைத் தயாளன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். "நாலு நாளிக்குத்தான். ஒண்ணுக்கொண்ணு தொணையா இருக்கட்டுமே" என்று அதே கூண்டில் விட்டார். முயல் நன்றாகத் தின்றது, நன்றாகவே திரும்பிப் போனது.

சுண்டலுக்குத் தும்மல் கூடியது. மூச்சு விடும்போது விலா ஏறி இறங்கியது. யாழினியின் தொண்டை வலிக்கு மருத்துவர் எழுதித் தந்த சிரப்பு ஃப்ரிட்ஜில் கொஞ்சம் மீதி இருந்தது. குழந்தைக்கே கொடுக்கும் மருந்துதானே என்று நினைத்தேன். யாழினி வாயைப் பிடிக்க, சில சொட்டுகள் விட்டேன். இரண்டு நாள் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை, எதற்கும் இருக்கட்டும் என்று பொரிக்கும் ஒரு வேளை கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மூன்று மணிக்குத் திரும்பினேன். சுண்டல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. பின்புறமெல்லாம் நனைந்திருந்தது. மடியில் போட்டுத் துடைத்தேன். உடம்பு சில்லிட்டிருந்தது. யாழினி பள்ளியிலிருந்து வந்து புத்தகப் பையைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் போய்விட்டது.

"இன்னாம்மா ஆச்சு?"

"முயல்கிட்டேந்து நோவு ஒட்டிக்கினு இருக்கும்" என்றேன். யோசிக்காமல் வந்த பதில்.

தயாளன் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்டாள்: "எதுக்குப்பா அந்த முயல வூட்டுக்கு இட்டுகினு வந்த?" அவர் ஷூவைக் கழற்றாமலே அட்டைப்பெட்டி ஒன்றைத் தேடி எடுத்தார்.

அன்று மாலையே நானும் தயாளனும் தாம்பரம் பக்கம் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனோம். பொரி கூடையில், சுண்டல் அட்டைப்பெட்டியில். இளம் வயதுப் பெண் மருத்துவர். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். மறக்காமல் எடுத்துவந்தேனே என்ற நினைப்போடு பாட்டிலை நீட்டினேன். அவர் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இதக் குடுக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல மேடம். நானாதான்."

"இது அமாக்சிசிலின்மா." (பென்சிலின் வகையைச் சேர்ந்த கிருமிக்கொல்லி.) "நமக்கு ஒண்ணும் பண்ணாது. இதுங்க வயித்துல புல்லச் செரிக்க வைக்கிற நல்ல கிருமிங்க இருக்கு. இது அதையெல்லாம் கொன்னுடும். அப்புறம் கெட்டது பெருகி, வயித்தால போயி, செத்துடும்."

"அப்போ முயல்?" என்றேன்.

"தும்மலுக்கு முயல் காரணமா இருக்கலாம். முயலோட மூக்குல இருக்கற கிருமி அதுக்கு ஒண்ணும் பண்ணாது, இதுங்களுக்கு ஆகாது. சேத்து வைக்கவே கூடாது. ஆனா, பின்பக்கம் இருக்கறதப் பாத்தா, இது போனது வயித்தாலதான்."

பொரிக்கும் ஒரு வேளை கொடுத்ததைச் சொன்னேன். அதன் வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தார். "ஒரு வாரம் கவனமாப் பாருங்க. புழுக்கை போடுதா, தின்னுதான்னு பாருங்க. அர நாள் தின்னாம இருந்தாலே வயிறு நின்னுடும். தினமும் எடை போடுங்க."

திரும்பும் வழியில், படப்பை தாண்டியதும், தயாளன் வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "யாழினியாண்ட சொல்ல வாணாம். முயலாவே இருந்துட்டுப் போவட்டும்."

நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிச் சுண்டலைப் புதைத்தார். யாழினி ஜன்னலிலிருந்து பார்த்தாள், கிட்டே போகவில்லை.

நான் நான்கு நாள் லீவு போட்டேன். உட்கார முடியவில்லை. கூண்டைக் கொதிநீர் ஊற்றிக் கழுவினேன், காயவைத்தேன், மறுபடி கழுவினேன். தீவனத்தை ஊறவைத்துக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, பொரியின் கடைவாய்ப் பக்கமாகச் சிறிது சிறிதாகக் கொடுத்தேன். உலர்ந்த புல் எப்போதும் கூண்டில் இருந்தது. கினிப்பன்றியின் உடம்பு நம்மைப் போலவே வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. அதற்காகத் தினமும் குடைமிளகாய்த் துண்டு. சமையலறைத் தராசில் கிண்ணத்தை வைத்து எடை பார்த்தேன். எழுநூற்று எண்பது கிராம். மறுநாள் எழுநூற்று அறுபது. அடுத்த நாள் எழுநூற்று நாற்பத்தைந்து. புழுக்கைகளைக் காகிதத்தில் பரப்பி எண்ணினேன். சின்னதாகவும் குறைவாகவும் இருந்தன. இத்தனைக்கும் பொரி தும்மவே இல்லை. அந்த மருந்தைக் கொடுக்காமல் இருந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது.

யாழினி அப்பாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். அவர் கேட்டால் சுவரைப் பார்த்துத் தலையாட்டுவாள். அவரோ வேலையிலிருந்து வந்ததும் வரப்போரம் போய் அருகம்புல் பறித்துவந்து அலசிப் போடுவார். என்னை ஒருமுறைகூடக் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஐந்தாம் நாள் காலை எடை ஐந்து கிராம் கூடியிருந்தது. கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு யாழினியைக் கூப்பிட்டேன்.

"சுண்டல் செத்ததுக்கு அப்பா காரணமில்ல. நான் குடுத்த மருந்துதான். டாக்டர் அன்னிக்கே சொல்ட்டாங்க. உன்கிட்ட மறைச்சுட்டேன்."

அவள் பொரியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நான்தானேம்மா வாயப் புடிச்சுக்கினேன்?"

அதை நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. என் பாரத்தை இறக்கும் அவசரத்தில் ஒரு பங்கை அவள் கையில் வைத்துவிட்டேன். "உனக்குத் தெரியாதுடி. சொன்னது நானு" என்றேன்.

"உனக்கும்தான் தெரியாது" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அன்று மாலை புல் பறிக்க அப்பாவோடு அவளும் போனாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பொரி பிழைத்தது. ஆனால் தனியாக இருக்கும் கினிப்பன்றி மூலையிலேயே ஒண்டிக்கொள்ளும். அதனால் இப்போது இன்னொரு குட்டி வந்திருக்கிறது. மூன்று வாரம் வேறு அறையில் தனியாக வைத்திருந்து, நோய் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே சேர்க்க வேண்டும் என்றார் மருத்துவர். யாழினி அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

நான் மறுபடி லைனுக்குப் போகிறேன். கை தானாக வேலை செய்கிறது. என் நாள் இப்போது ஷிப்டால் ஓடுவதில்லை. பொரி கடைசியாக எப்போது தின்றது என்பதிலிருந்து மணியை எண்ணுகிறேன். மதியம் கேன்டீனில் சோறு இறங்குவதில்லை. கதவைத் திறந்ததும், என் காலடி கேட்டுப் பொரி வீல் வீலென்று கத்தும். அப்போதுதான் எனக்குப் பசிக்கிறது.