மறு அறிவித்தல் வரை

காலைத் தேநீருக்கு நாங்கள் கூடியிருந்த மேசையில் நாலைந்து போன்கள் கிடந்தன. தம்பி சுதனுடையது, அவன் மனைவி வதனியுடையது, வீட்டில் தங்கியிருந்த ஒல்லாந்துத் தம்பதியினுடையவை, என்னுடையது. கத்தியது என்னுடையது மட்டும்தான். எடுத்துப் பார்த்தேன். நான் பல வருடமாக வரி கட்டிவரும் அமெரிக்க அரசாங்கம் செய்தி அனுப்பியிருந்தது. இலங்கையின் கிழக்குக் கரையில் சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில் தாக்குதல் நடக்கலாம் என்று நம்பத்தகுந்த தகவல் கிடைத்திருக்கிறதாம். மறு அறிவித்தல் வரை அந்தப் பகுதிகளைத் தவிர்த்துக்கொள்ள வேண்டுமாம். நான் தவிர்க்க வேண்டிய பகுதியில்தான் என் பாணும் சம்பலும் இருந்தன. திருகோணமலையில், டச்சுக் குடாக் கரைக்குக் கிட்ட, நான் பிறந்து வளர்ந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு அந்த ஊரில் என்ன நடக்கலாம் என்பதை வாஷிங்டன் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த ஊரை விட்டு ஒருநாளும் போகாத என் தம்பியின் போன் பேசாமல் கிடந்தது.

"என்னக்கா, ஏன் இப்பிடிக் கத்துது?" என்றான் சுதன்.

"ஒண்டுமில்லை. மழை வருமாம்."

"இந்த வெயிலுக்கையோ?"

நியூ ஜேர்சியில் நான் பாடசாலை பஸ் ஓட்டுகிறேன். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வருகிறேன் என்றதும், மகள்தான் என் பெயரையும் நம்பரையும் அரசாங்கத்தின் பயணப் பதிவில் போட்டுவிட்டாள். "உங்களுக்கு நல்லதுதானே அம்மா" என்றாள். நல்லது எதுவென்று அந்த மேசையில் இருந்தபோது எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டை சுதன் விருந்தினர் விடுதியாக மாற்றிய நாளிலிருந்து அவனுக்கு விடிந்ததே இல்லை. தேவாலயங்களில் குண்டு வெடித்த வருடம் எல்லோரும் ஓடினார்கள். பிறகு கொரோனா. பிறகு பெற்றோலுக்கு வரிசை. இந்தக் கோடையில்தான் அறைகள் முதல்முறையாக நிறைந்திருந்தன. நான் வந்திறங்கிய அன்றே சொல்லிவிட்டான்: "இந்தமுறையும் விடுதி ஓடாட்டி கட்டாருக்குத்தான் அக்கா. ஏஜென்சிக்காரனிட்ட பாஸ்போட்டும் குடுத்தாச்சு." நாற்பத்தைந்தைத் தாண்டியவன், யாருடைய காரையோ ஓட்டிக்கொண்டு பாலைவனத்தில் நிற்பதை நினைத்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஊரை விட்டுப் போவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் அறைகள் காலியாகும். திறக்காமல் இருந்து ஏதும் நடந்துவிட்டால்? இரண்டுக்கும் பயந்துகொண்டு மழை என்று சொல்லிவிட்டேன்.

பிறகு எழும்பிக் கடைக்குப் போனேன். யோசித்துப் போகவில்லை, கால் போனது. யுத்த காலத்தில் எங்களுக்கு யாரும் எச்சரிக்கை அனுப்பியதில்லை. மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகு நேரமாகியும் துறையில் கட்டியபடியே கிடந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கடைக்காரர்கள் பலகைக் கதவில் பாதியைப் போட்டுவிட்டு மீதி இடைவெளிக்குள்ளால் சாமான் கொடுத்தால் நிச்சயம் ஏதோ இருக்கிறது. அம்மா உடனே பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவா. அரிசி, பருப்பு, டின் மீன், மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, பனடோல். அவ்வளவும் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் என்ன நடந்தது என்று விசாரிப்போம். நியூ ஜேர்சியில் அப்படியில்லை. அங்கே விமான நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் எச்சரிக்கைப் பலகைக்குக் கீழே நின்று சனம் கோப்பி குடிக்கும். துப்பாக்கிக்காரன் வந்தால் எப்படி ஒளிவது என்று வகுப்பில் பழகிவிட்டு வரும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு என் பஸ்ஸில் ஏறுவார்கள். எச்சரிக்கையைப் பார்த்துக்கொள்ள அங்கே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை. நானும் அந்த நம்பிக்கையில் இத்தனை வருடம் ஓட்டியவள்தான், ஆனால் திருகோணமலையில் அது என் உதவிக்கு வரவில்லை.

றசாக் நானாவின் கடை பழைய மூலையிலேயே இருக்கிறது. பலகைக் கதவு போய் இரும்பு ஷட்டர் வந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு மூட்டை சம்பா அரிசி, பருப்பு, டின் மீன். மெழுகுதிரி என்றதும் அவர் கை நின்றது.

"என்ன தங்கச்சி, ஏதும் கதை இருக்கா?"

"ஒண்டுமில்லை நானா. சும்மா வீட்டுக்கு."

"மெழுகுதிரியுமா சும்மா?"

நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்து நிற்கிற ஒருத்தி காலை வேளையில் மூட்டை அரிசியும் மெழுகுதிரியும் வாங்குகிறாள் என்றால் எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. எனக்குப் பின்னால் நின்ற பெண் சீனி வாங்க வந்தவள். அவளும் டின் மீன் கேட்டாள்.

மத்தியானம் சுதன் மீன் பையோடு வந்தான். "நானா கடையில சனம் நெருக்குது அக்கா. மெயின் வீதி முழுக்கப் பாதி ஷட்டர். என்னவாம் எண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியேல்லை. அமெரிக்காக்குத் தெரியுமாம் எண்டு கதைக்கினம்." சொல்லிக்கொண்டே குசினிக்குள் போனான். அங்கே அரிசி மூட்டை இருந்தது, மேலே மெழுகுதிரிப் பெட்டி. பெட்டியைக் கையில் எடுத்தான். பிறகு வாசலுக்கு வந்து நின்றான்.

"அக்கா, அந்த அமெரிக்கா நீங்களோ?"

போனை நீட்டினேன். வாசித்தான். திரும்ப ஒருமுறை வாசித்தான். "உங்களுக்கு வந்திருக்கு. எங்களுக்கு வரேல்லை" என்றான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவன் நேரே மேலே போய் ஒல்லாந்துக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னான். நான் தடுக்கப் பார்த்தேன். "தெரிஞ்சுகொண்டு ஒருத்தரை வீட்டில வச்சிருக்க ஏலாது" என்றான். அவர்கள் வதனியைக் கட்டிப்பிடித்து விடைபெற்று, வான் பிடித்துக் கண்டிக்குப் போனார்கள். வரவேண்டியவர்களும் ஒவ்வொருவராக வரவில்லை என்று எழுதினார்கள். அடுத்த நாள் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் றசாக் நானாவிடம் வந்து, இந்தக் கதையைக் கட்டிவிட்டது யார் என்று விசாரித்திருக்கிறார்கள். "சனம் சாமான் வாங்குது, நான் விக்கிறன். இதில கதை என்ன?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். குண்டு என்ற பேச்சு வந்தாலே முதலில் அவரைப் போன்ற முஸ்லிம்களின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அது தெரிந்தும் என் பெயரை அவர் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. கடல் தன்பாட்டில் கிடந்தது. கோணேசர் கோயிலுக்குப் போகிற பஸ்களும் வந்து போயின. ஆனால் எச்சரிக்கை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. "எடுத்திட்டாங்களோ அக்கா?" என்று சுதன் ஒவ்வொரு காலையும் கேட்பான், நான் பார்த்துவிட்டு இல்லை என்பேன். வர விரும்பிய ஒன்றிரண்டு வெள்ளைக்காரரும் அதையே எழுதிக் கேட்டார்கள். கட்டார் ஏஜென்சிக்காரன் வேறு கொழும்பிலிருந்து போன் எடுத்துக்கொண்டிருந்தான். வெறும் அறைகளின் படுக்கை விரிப்புகளை வதனி கழுவிக் காயப்போட்டு மறுபடி விரித்தாள்.

அந்த நாட்களில்தான் அமெரிக்காவில் பயங்கரவாத எச்சரிக்கை முறையை நவீனப்படுத்த ஒரு சட்ட வரைவு வந்திருப்பதாகச் செய்தியில் பார்த்தேன். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒரு முடிவு வேண்டும், யாருக்கு என்ன ஆபத்து, அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும், எல்லோரிடமும் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. உள்நாட்டு எச்சரிக்கைகளுக்குத்தான். இருந்தாலும், முடிவைப் பற்றி யோசிக்கிற மனிதர்களும் அங்கே இருக்கிறார்களே என்று நியூ ஜேர்சியில் எங்கள் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு இளம்பெண் கதைத்தாள், மிக மரியாதையாக. நான் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறேனா என்று முதலில் கேட்டாள். என் வீட்டில் இருக்கிறேன் என்றேன். நல்லது, நியூ ஜேர்சிக்குத் திரும்பிவிட்டீர்கள் என்றாள். இல்லை, திருகோணமலையில் என்றேன். அவள் குரல் மாறிவிட்டது. வெளியேற உதவி தேவையா என்று கேட்டாள். வெளியேற வேண்டாம், ஆட்கள் உள்ளே வரவேண்டும், அதற்கு, அந்தச் சட்ட வரைவில் சொல்கிற மாதிரி, இந்த எச்சரிக்கை எப்போது முடியும் என்று தெரிய வேண்டும், என் தம்பியின் பிழைப்பு இதில்தான் கிடக்கிறது என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னேன். உங்கள் தம்பி அமெரிக்கக் குடிமகனா என்று கேட்டாள். இல்லை என்றேன். சட்ட வரைவு பற்றிய என் கருத்தைப் பதிந்துகொள்வதாகச் சொல்லி நன்றி கூறினாள். பாவம், அவளைக் கோபித்து என்ன செய்வது.

ஊரில் எச்சரிக்கையை எடுத்தது றசாக் நானா. ஒருநாள் காலை ஷட்டரை முழுக்க மேலே தள்ளிவிட்டு, வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துப் பக்கத்துக் கடை திறந்தது, பிறகு அடுத்தது.

"பயமில்லையா நானா?" என்றேன்.

"பயம்தான். ஆராச்சும் ஒருத்தர் முதல்ல திறக்கத்தானே வேணும்."

யுத்த காலத்திலும் அப்படித்தான் நடந்தது, யாரோ ஒருவர் பயந்து பயந்து முதலில் திறந்தார். அரசாங்கங்களுக்கு அந்தத் துணிவு கிடையாது. எச்சரிக்கை விட்டவரை ஒருவரும் குறை சொல்லப் போவதில்லை, எடுத்த பிறகு ஏதும் நடந்தால்தான் கழுத்துக்குக் கயிறு. அதனால் விடும்போது ஊரைக் கூட்டுகிறார்கள், எடுக்கும்போது பூனை மாதிரிப் போய்விடுகிறார்கள். எங்களுடையதும் அப்படித்தான் போனது. நான் திரும்புவதற்குச் சில நாள் முன்பு பார்த்தபோது அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் அறிவித்தல் இல்லை. எப்போது எடுத்தார்கள் என்று தெரியாது. போன் கத்தவில்லை. சீசன் முடிகிற நேரம் இரண்டு அறைக்கு ஆள் வந்தது. "இந்த வருசம் வரேல்லை" என்று சுதன் ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டான். பாஸ்போட்டைத் திருப்பிக் கேட்கவில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அவன்தான் கூட்டிக்கொண்டு வந்தான். வழி முழுக்க அதிகம் கதைக்கவில்லை. பெட்டியை இறக்கும்போது கேட்டான்:

"அந்தச் செய்தி வாற இடத்தில என்ர நம்பரைப் போட ஏலாதோ அக்கா?"

"குடிமக்களுக்கு மட்டும்தானாம்."

"அப்ப உங்களுக்கு வந்தா முதல் எனக்குச் சொல்லுங்கோ. கடைக்குப் போகாதேங்கோ."

ஓம் என்றேன். சிரிக்கப் பார்த்தோம், இரண்டு பேருக்கும் சரியாக வரவில்லை.

இப்போது இங்கே இலை கொட்டத் தொடங்கிவிட்டது. சட்ட வரைவு ஏதோ ஒரு குழுவின் முன் கிடக்கிறதாம். போன வாரம் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ்ஸை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, போனைப் பார்த்தேன். பயணப் பதிவிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. நான் குறித்திருந்த பயண நாட்கள் முடிந்துவிட்டனவாம். இலங்கையை விட்டுப் புறப்பட்டுவிட்டேன் என்றால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அதன் பிறகு அந்த நாட்டு எச்சரிக்கைகள் எனக்கு வராது. இன்னும் அங்கேதான் என்றால் மற்றப் பொத்தான். என் போனில் வராவிட்டால் சுதனுக்கு வேறு எந்த வழியாலும் வராது. இன்னும் அங்கேதான் என்ற பொத்தானை அழுத்தினேன். அமெரிக்காவின் கணக்கில் நான் இன்னும் திருகோணமலையை விட்டுப் புறப்படவில்லை.