ராசியான பெயர்

ஊரப்பாக்கத்தில் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுபவர் குப்புராஜ். "நான்தான் முதலாளி" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிடுவார். மனைவி தீபலட்சுமியின் பெயர் ராசியானது என்று கடை, குடோன், லாரி எல்லாவற்றையும் அவள் பெயரிலேயே வாங்கியவர்.

கனடாவுக்குத் தொழில் விசா எடுக்க, இருவரும் தாம்பரத்தில் ஒரு ஏஜென்சிக்குப் போனார்கள். பத்திரங்களைப் புரட்டிப் பார்த்த பெண் தயங்கினாள்.

"சார், உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையே! மேடம் அப்ளை பண்ணட்டும். நீங்க டிபெண்டென்ட்டா போகலாம்."

"அப்டின்னா இன்னாம்மா?"

"அவங்களை நம்பி இருக்கறவர், சார்."

குப்புராஜ் கர்ச்சீப்பைத் தேடினார்.

இருபது வருடமாகக் கல்லாப்பெட்டிப் பக்கமே விடப்படாத தீபலட்சுமி, பேனாவை வாங்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்:

"ஏம்மா, இவரை இட்டுகினு போறது கட்டாயமா?"